அம்மா வந்திருக்கா

ஒரு ஊர்ல ஒரு வீடு இருந்துச்சாம். அந்த வீட்டுல எல்லாம் இருந்துச்சு, ஒரே ஒரு வார்த்தை மட்டும் கிடையாது. என்ன வார்த்தை, சொல்லு பாப்போம். தெரியலயா? 'இல்ல'ங்கற வார்த்தை. ஏன்டி சிரிக்கிற, நெஜமாத்தான் சொல்றேன். கால நேரா நீட்டிப் படு, என் வயித்துல மிதிக்காத. ம் கொட்டிக்கிட்டே வரணும். நீ நிறுத்துனா பெரியம்மாவும் நிறுத்திடுவேன், ஆமா.

அந்த வீட்டுக்கு எஜமானி யாருன்னா வெள்ளையம்மா. வாயில நல்ல வார்த்தைதான் வரணும், கெட்ட வார்த்தை வந்தா வீட்டுக்கு ஆகாதுன்னு நெனைக்கிறவ. உப்பு தீந்துபோச்சுன்னு வையி. நீ என்ன சொல்லுவ? உப்பு இல்லன்னு சொல்லுவ. அந்த வீட்டுல அப்படிச் சொன்னா வெள்ளையம்மா நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு பொத்துனு உக்காந்துடுவா. "உப்பு நெறஞ்சிருக்கு"ன்னு சொல்லணும். அப்பதான் அவ புருஷன் பையத் தூக்கிக்கிட்டு கடைக்குப் போவாரு. வளையல் டப்புனு உடைஞ்சுதா? "வளையல் பெருகிடுச்சு." காலையில எந்திரிச்சு வாசல் தெளிக்கிறதுல இருந்து ராத்திரி பாய் விரிக்கிற வரைக்கும் அந்த வீட்டுல எல்லாமே இப்படித் தலைகீழ்தான். பழகிட்டா ஒண்ணும் தெரியாது. பழகாதவன் ஒருத்தன் வந்தான் பாரு, அங்கதான் வினையே.

அவன் பேரு சந்தையப்பன். மோட்டார் ரிப்பேர் பண்றவன். வெள்ளையம்மா வீட்டுக் கிணத்து மோட்டார் ஓடலன்னு ஒரு வெள்ளிக்கிழம காலையில வந்தான். கழட்டிப் பாத்தான், டக்கு டக்குனு தட்டிப் பாத்தான். அப்புறம் நிமிந்து, "இது செத்துப்போச்சும்மா"ன்னான்.

வெள்ளையம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. தலைக்குக் குளிச்சுப் பூ வச்சுக்கிட்டு நிக்கிறா, வாசல்ல ஒருத்தன் செத்துப்போச்சுங்கிறான். "ஏன் தம்பி, உங்கள வீட்டுல வளத்தாங்களா, அவுத்து விட்டாங்களா?"ன்னு கேட்டா.

"எனக்கு வீடு இல்லம்மா. யாரும் இல்ல"ன்னான் அவன்.

ஒரே மூச்சுல ரெண்டு இல்ல. வெள்ளையம்மா பொத்துனு உக்காந்துட்டா. சன்னல் வழியா இத எல்லாம் பாத்துக்கிட்டிருந்த அவ பொண்ணு செல்லக்கிளிக்குச் சிரிப்புன்னா சிரிப்பு, முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு சிரிக்கிறா. அப்புறம் அந்த மோட்டாருக்கு அடிக்கடி ரிப்பேர் வந்துச்சு. எப்படி வந்துச்சுன்னு என்னைக் கேக்காத, செல்லக்கிளியத்தான் கேக்கணும். கடைசில ரெண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணி வச்சாங்க. பையனுக்குத்தான் வீடு கிடையாதே, அதனால வீட்டோட மாப்பிள்ளையா வந்து சேந்தான்.

ம்? தூங்கிட்டியா? இல்லல்ல. சரி கேளு.

இந்தச் சந்தையப்பனுக்கு ஏன் வீடு இல்லன்னு சொல்லிடறேன். நாலு வயசு இருக்கும், ஒரு சந்தையில, வாழத்தார் ஏத்திட்டு வந்த லாரில, தாருங்களுக்கு நடுவுல சுருண்டு கெடந்தான். லாரிக்காரன் தாரத் தூக்குறான், உள்ள ஒரு புள்ள. அவன் அலறுன அலறல்ல சந்தையே கூடிடுச்சு. "உன் பேரு என்னடா?" "தம்பி." "அம்மா பேரு?" "அம்மா." "ஊரு?" "எங்க ஊரு." லாரியும் வழியெல்லாம் பல ஊர்ல நின்னு தாரு ஏத்திட்டு வந்ததாம். இத வச்சுக்கிட்டுப் போலீஸ்காரர்தான் என்ன பண்ணுவாரு, பாவம். அப்புறம் ஆம்பளப் பசங்க தங்குற ஒரு விடுதில கொண்டுபோய் விட்டாங்க. சந்தையில கெடச்சதால சந்தையப்பன்னு பேரு வச்சாங்க. அங்க பெரியவங்க, சமையக்காரரு எல்லாருமே ஆம்பளைங்க. சோறு தீந்துட்டா "தீந்துபோச்சு, போடா"ம்பாங்க. வீட்டுப் பேச்சு எதுவும் அவன் காதுல விழல.

அவனுக்கு அவன் அம்மாவப் பத்தி ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம். படுத்திருக்கான். வாசப்படில ஒரு பொம்பள நிக்கிறா, யாருன்னு தெரியல. "அம்மா போயிட்டா"ன்னு சொல்றா. அவ்வளவுதான். ஓடிப் போயி அம்மாவப் புடிச்சிடலாம்னு எந்திரிச்சு வெளிய ஓடியிருக்கான், ரோட்டுல நின்ன லாரில ஏறியிருக்கான். அதுக்கப்புறம் சந்தைதான்.

பெரியவனானதும் தேடியிருக்கலாமேன்னு கேப்ப. செல்லக்கிளியும் கேட்டா. அதுக்கு அவன் சொன்னான், "அம்மா இருக்கிற ஊருன்னா தேடலாம். அம்மா விட்டுட்டுப் போன ஊரத் தேடி என்ன பண்ண?" ஆனா பஸ்ல ஏறுனா வயசான பொம்பளைங்க மூஞ்சிய ஒவ்வொண்ணா பாப்பான். கண்டுபிடிச்சா ஒரே ஒரு கேள்வி கேக்கணும். ஏன் என்ன விட்டுட்டுப் போன? அந்த ஒரு கேள்விய நெஞ்சுல வச்சுக்கிட்டுத்தான் அவன் சாப்புட்டான், தூங்கினான், மோட்டார் கழட்டுனான். கல்யாணம் ஆயி, சிரிச்சுக்கிட்டு இருக்கும்போதும் அது உள்ள கெடந்துச்சு.

சரி, இப்ப அந்த வீட்டுல நடந்த கூத்துக்கு வா.

கல்யாணம் ஆன புதுசு. சாயங்காலம் வெளக்கேத்திச் சாமி கும்பிட்டாச்சு. கொஞ்ச நேரம் ஆச்சு. வெள்ளையம்மா அடுப்படில தோச ஊத்திக்கிட்டே, "மாப்ள, வெளக்க மலையேத்திடுங்க"ன்னா. அப்படின்னா என்ன தெரியுமா? அணைச்சிடுங்கன்னு அர்த்தம். வெளக்க அணைன்னு சொல்லக் கூடாதாம்.

மாப்பிள்ளைக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியல. அப்புறம், பெரிய வீடு, என்ன வழக்கமோன்னு நெனச்சான். வெளக்கக் கையில எடுத்துக்கிட்டான். காத்துல அணையாம உள்ளங்கைய வளச்சு மூடிக்கிட்டான். ஊருக்குப் பின்னால ஒரு கரடு இருக்கு, முள்ளும் பாறையுமா. விறுவிறுன்னு அதுல ஏற ஆரம்பிச்சுட்டான்.

கீழ தெருவுல உக்காந்திருந்தவங்க பாத்தாங்க. இருட்டுல ஒரு வெளிச்சம் மினுக் மினுக்குனு மேல மேல போகுது. ஆளு தெரியல, வெளிச்சம் மட்டும் போகுது. "கொள்ளிவாய்ப் பிசாசு"ன்னு ஒருத்தன் கத்த, தடதடன்னு எல்லா வீட்டுக் கதவும் சாத்துது. நாய் ஊஊன்னு ஊளையிடுது. வெள்ளையம்மா தோசக்கரண்டியோட வெளிய வந்து பாத்தா. உடனே உள்ள ஓடுனா. சாமி மாடத்துல வெளக்கக் காணோம், வீட்டுல மாப்பிள்ளையக் காணோம்.

ஒருவழியா அவன் எறங்கி வந்தான். வேட்டியெல்லாம் முள்ளு கிழிச்சிருக்கு. "மேல வச்சுட்டு வந்துட்டேன் அத்த. காத்துக்கு அணையாம ரெண்டு கல்லு அண்டக் கொடுத்திருக்கேன்"னான். வெள்ளையம்மா வாயத் தொறக்குறா, மூடுறா, தொறக்குறா, மூடுறா. சத்தமே வரல. அடுப்புல தோச கருகி நாத்தம் வருது.

சிரிச்சது போதும், விக்கல் வரப்போகுது. ம்.

அப்புறம் கொஞ்ச நாள் போச்சு. காலையில சந்தையப்பன் வேலைக்குக் கிளம்புறான். செல்லக்கிளி வாசப்படில நின்னு, "ஏங்க, அரிசி நெறஞ்சிருக்கு"ன்னா. சாயங்காலம் வரும்போது வாங்கிட்டு வாங்கன்னு அர்த்தம். அவன் என்ன நெனச்சான், அடடா, வீட்டுல லட்சுமி பொங்குறான்னு நெனச்சான். அவனோட வளந்த விடுதிப் பசங்க ஏழெட்டுப் பேரு பக்கத்து ஊர்ல கட்டட வேலைக்கு வந்திருந்தாங்க. நேரா அங்க போனான். "டேய், எங்க வீட்டுல அரிசி நெறஞ்சு கெடக்கு, மத்தியானம் எல்லாரும் சாப்புட வாங்கடா"ன்னுட்டான்.

மத்தியானம் வாசல்ல ஏழெட்டு ஆம்பளைங்க. கை கழுவிட்டு, வரிசையா உக்காந்துட்டாங்க. அப்போ வெள்ளையம்மா அரிசிப் பானைக்குள்ள கைய விட்டா. சரக்கு சரக்குனு அடிப்பானைதான் கீறுது. வந்தவங்ககிட்ட இல்லன்னு சொல்ல முடியுமா, அவ வாயிலதான் அது வராதே. பின்வாசல் வழியா ஓடுனா. இந்த வீட்டுல ஒரு படி, அந்த வீட்டுல ஒரு படின்னு வாங்கி, மூச்சு வாங்க வாங்க வடிச்சுக் கொட்டுனா. வந்தவங்க ரசத்துக்கு ரெண்டாந்தரம் கேட்டப்ப அவ கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

அவங்கள அனுப்பிட்டு, "மாப்ள, ஒண்ணு சொல்லட்டுமா. இந்த வீட்டுல எதச் சொன்னாலும் அதத் திருப்பிப் போட்டுப் புரிஞ்சுக்குங்க"ன்னா.

"சரி அத்த"ன்னான் அவன். ஆனா அவனுக்கு உள்ளுக்குள்ள வெக்கம். தாய்கிட்ட வளந்திருந்தா இந்தப் பேச்செல்லாம் தானா வந்திருக்குமேன்னு ஒரு நெனப்பு.

இப்ப மூணாவது. இது சிரிக்கிற விஷயம் இல்ல, கேளு. போர்வைய இழுத்துக்கோ.

ஒரு நாள் அவன் ஒரு தோட்டத்துக் கிணத்துல மோட்டார் மாட்டிக்கிட்டு இருக்கான். கையெல்லாம் கிரீஸ். அப்போ அவன் மாமனாரு சைக்கிள்ல வந்தாரு. அவரு பேசுறதே அதிசயம், பொண்டாட்டி பேசுறதே போதும்னு விட்டுட்ட மனுஷன். சைக்கிள நிறுத்தாம, ஒரு கால ஊனிக்கிட்டு, "மாப்ள, உடனே வீட்டுக்கு வாங்க. அம்மா வந்திருக்கா"ன்னாரு. சொல்லிட்டு எளநி வாங்கணும்னு வேகமா போயிட்டாரு.

சந்தையப்பன் கையில இருந்த ஸ்பேனர் நழுவிக் கிணத்துக்குள்ள விழுந்துச்சு. தொபுக்குனு சத்தம் கேட்டுச்சு. அவன் எட்டிக்கூடப் பாக்கல. அம்மா வந்திருக்கா. இத்தன வருஷம் கழிச்சு, எப்படித் தேடிக் கண்டுபிடிச்சாளோ, வந்துட்டா. கால் ஓடுது, அவன் ஓடல, காலுதான் ஓடுது. வழியில பூக்காரம்மாகிட்ட ரெண்டு மொழம் மல்லிப்பூ வாங்கிக்கிட்டான். என்ன கேக்கணும்னு மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டான். ஏன் என்ன விட்டுட்டுப் போன. கோவமா கேக்கலாமா, மெதுவா கேக்கலாமா. பாதி தூரம் வந்ததும், கேக்கவே வேணாம், வந்துட்டால்ல, அது போதும்னு முடிவு பண்ணிட்டான்.

வீட்டு வாசல்ல வேப்பிலைக் கொத்து கட்டியிருக்கு. வெள்ளையம்மா வாசல்லயே கைய நீட்டி மறிச்சா. "சத்தம் போடாதீங்க மாப்ள. அம்மா உள்ள இருக்கா. செருப்ப அங்கயே விட்டுட்டு, கால் கை கழுவிட்டு வாங்க."

"எப்ப வந்தாங்க அத்த?"

"காலையில நீங்க போனதுக்கு அப்புறம்தான்."

"கோவமா இருக்காங்களா?"

"கொஞ்சம் கோவமாத்தான் இருக்கா. குளிர்ச்சியா கூழு குடுத்திருக்கேன். எல்லாம் தணிஞ்சிடும்."

"ரொம்ப நாள் இருப்பாங்களா?"

வெள்ளையம்மா கன்னத்துல போட்டுக்கிட்டா. "அவ இஷ்டம் மாப்ள. நாம போன்னு சொல்ல முடியுமா?"

"நான் ஏன் அத்த போகச் சொல்றேன். இங்கயே இருக்கட்டும், இனி எப்பவும் இங்கயே இருக்கட்டும்"னான் அவன். வெள்ளையம்மா இதக் கேட்டு, இவனுக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சான்னு அப்படியே பாத்துக்கிட்டு நிக்கிறா. அவன் காலக் கழுவிட்டு, பூவ ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு உள்ள போனான்.

உள்ள அம்மா இல்ல கண்ணு. செல்லக்கிளிதான் படுத்திருந்தா. பாயில வேப்பிலையப் பரப்பி, அது மேல. மூஞ்சி, கழுத்து, கை எல்லாம் செவப்பு செவப்பா கொப்பளம். உதடு வீங்கியிருக்கு, கண்ணு தொறக்க முடியல. ஆஸ்பத்திரியில அத அம்மை போட்டிருக்குன்னு சொல்லுவாங்க. வீட்டுல அப்படிச் சொல்லமாட்டாங்க. மாரியம்மாவே உடம்புல எறங்கியிருக்கான்னு நெனச்சு, அம்மா வந்திருக்கான்னு சொல்லுவாங்க.

அவன் அறைய சுத்திப் பாத்தான். கதவுக்குப் பின்னாடியும் பாத்தான். "அம்மா எங்க?"ன்னான்.

செல்லக்கிளி ரொம்பச் சிரமப்பட்டு, "என் மேலதாங்க"ன்னா.

அவன் அப்படியே சொவத்தோட சொவரா உக்காந்துட்டான். பூ மடியில விழுந்துச்சு. அப்புறம் அழுதான் பாரு, ஆம்பள அழுது நீ பாத்திருக்க மாட்ட, சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். ஒரு பக்கம் பொண்டாட்டி இப்படிக் கெடக்காளேன்னு அழுக. இன்னொரு பக்கம், அய்யோ, வரலயா, இப்பவும் வரலயான்னு அழுக. வாசப்படில நின்ன வெள்ளையம்மாவுக்கு அப்பதான் உறைச்சுது, இவன் யாருக்குப் பூ வாங்கிட்டு வந்தான்னு. நல்ல வார்த்தை நல்ல வார்த்தைன்னு பேசி ஒரு புள்ள நெஞ்ச இப்படி ஒடைச்சுட்டோமேன்னு அங்கயே நின்னா. தேத்துறதுக்கு அவ வாயில நல்ல வார்த்தை ஒண்ணுகூட வரல.

அழாத கண்ணு. செல்லக்கிளிக்குச் சரியாயிடும். கத அதோட நிக்கல.

அவன்தான் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டான். வேப்பங்கொத்தால வருடிக் குடுத்தான், எளநி ஊட்டுனான். "உங்களுக்கும் ஒட்டிக்கும், தள்ளிப் போங்க"ன்னு செல்லக்கிளி சொன்னா, அவன் கேக்கல. அவனுக்கு ஒட்டவும் இல்ல. கொப்பளமெல்லாம் வத்துச்சு, காஞ்சுது, உதிர ஆரம்பிச்சுது. அப்போ வெள்ளையம்மா கொல்லைப்பக்கம் பெரிய அண்டாவுல தண்ணி வச்சு, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயில்ல சூடு பண்ணுனா. அம்மா எறங்குனதும் தலைக்குத் தண்ணி ஊத்தணும், அதுதான் வழக்கம்.

சந்தையப்பன் உள்ள உக்காந்திருக்கான். கொல்லையில சலசலன்னு தண்ணி ஊத்துற சத்தம். அப்புறம் வெள்ளையம்மா ஈரக் கையோட வந்து வாசப்படில நின்னா. மூஞ்சியெல்லாம் சிரிப்பு. அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேக்குற மாதிரி சொன்னா.

"அம்மா போயிட்டா."

அவனுக்குத் தலையில இடி விழுந்த மாதிரி இருந்துச்சு. அதே வார்த்தை. அதே மாதிரி வாசப்படி, அதே மாதிரி ஒரு பொம்பள. எந்திரிச்சு நின்னான். "அத்த, இன்னொரு தடவ சொல்லுங்க"ன்னான்.

"அம்மா போயிட்டா மாப்ள. நல்லபடியா போயிட்டா."

"எனக்கு நாலு வயசுல ஒருத்தி இப்படித்தான் வாசப்படில நின்னு சொன்னா அத்த. நானும் இந்த மாதிரிதான் பாயில படுத்திருந்தேன்."

வெள்ளையம்மா பக்கத்துல வந்தா. அவன் நெத்தி முடிய ஒதுக்குனா. புருவத்துக்கு மேல ஒரு சின்னப் பள்ளம், அம்மைத் தழும்பு. இத்தன நாளா தெனமும் பாத்த மூஞ்சிதான், அவ அதக் கவனிக்கவே இல்ல.

"மாப்ள, உங்களுக்கும் அம்மா வந்து போயிருக்கா. அதத்தான் அந்தப் பொம்பள சொல்லியிருக்கா. உடம்புல முத்தெல்லாம் எறங்கிடுச்சு, புள்ள பொழச்சுதுன்னு சந்தோஷத்துல சொல்லியிருக்கா."

"அப்ப என் அம்மா?"

வெள்ளையம்மா கொல்லைப்பக்கம் திரும்பிப் பாத்தா. ஈரத் தரை, அண்டா, வேப்பிலை. "இங்கதான் இருந்திருப்பா. உங்களுக்குத் தண்ணி எடுத்து வச்சுக்கிட்டு"ன்னா.

அவன் நெனச்சுக்கிட்டு இருந்தது என்ன, அம்மா விட்டுட்டுப் போயிட்டான்னு. அவ எங்கயும் போகல கண்ணு. இவன்தான் முன்வாசல் வழியா எந்திரிச்சுப் போயிட்டான். அவ பின்வாசல்ல நின்னுக்கிட்டு இருந்திருக்கா. இத்தன வருஷமா யார் மேல கோவப்பட்டானோ அவ ஒரு தப்பும் பண்ணல. அது தெரிஞ்சதும் அவனுக்கு மூச்சே நின்னு போச்சு. செல்லக்கிளி ஈரத் தலையோட ஓடி வந்து முதுகத் தட்டுறா, அப்பவும் அவன் "நான்தான் போயிட்டேன், நான்தான் போயிட்டேன்"னு அதையே சொல்லிக்கிட்டிருக்கான்.

வெள்ளையம்மா முந்தானைய இடுப்புல சொருகுனா. "கிளம்புங்க"ன்னா.

வாழத்தார் லாரி எங்க இருந்து வரும்? மேக்கால, மலையடிவாரத்து ஊருங்கள்ல இருந்துதான் அந்தச் சந்தைக்கு வரும். மாமியாரும் மாப்பிள்ளையும் பஸ் ஏறுனாங்க. மொத ஊர்ல எறங்குனதும், "நீங்க சும்மா இருங்க, நான் கேக்குறேன்"னு வெள்ளையம்மா முன்னாடி போனா. ஆனா அவ வாயப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே. புள்ள தொலஞ்சுதுன்னு அவ எப்படிச் சொல்லுவா? கடையில இருந்தவர்கிட்ட போயி, "ஏங்க, இந்த ஊர்ல எந்த வீட்டுலங்க புள்ள நெறஞ்சிருக்கு?"ன்னு கேட்டா.

அவரு கைய நீட்டிக் காமிச்சாரு. போயிக் கதவத் தட்டுனா, கீச்சு மூச்சுன்னு ஏழெட்டுப் புள்ளைங்க ஓடி வந்து ஆளுக்கொரு பக்கம் அவ சேலையப் புடிச்சு இழுக்குதுங்க. அந்த அம்மா இடுப்புல இன்னொண்ணு. வெள்ளையம்மா மெரண்டு போயித் திரும்பிட்டா.

அடுத்த ஊரு. அங்க, "எந்த வீட்டுலங்க புள்ள போயிட்டு வரேன்னு போயிருக்கு?"ன்னு கேட்டா. அவங்க ஒரு மாடி வீட்டக் காமிச்சாங்க. அந்த வீட்டு அம்மா துபாய்ல இருக்கிற மகன் போட்டோவக் காமிச்சு, பொண்ணு ஜாதகம் ஏதும் கொண்டு வந்திருக்கீங்களான்னு கேட்டு, காப்பி போட்டுக் குடுத்துட்டாங்க.

வெளிய வந்து சந்தையப்பன் மூஞ்சிய பாத்தா வெள்ளையம்மா. அதுல ரத்தமே இல்ல. ஒரு வார்த்தையும் குத்தம் சொல்லாம பின்னாடியே வரான். அவளுக்குத் தன் மேலயே கோவம் கோவமா வந்துச்சு.

மூணாவது ஊரு. தண்ணிக் குழாயடில பொம்பளைங்க நிக்கிறாங்க, ஜல்லு ஜல்லுனு கொடம் நெறையுது. வெள்ளையம்மா அவங்க முன்னால போயி நின்னா. கண்ண இறுக்கி மூடிக்கிட்டா. பொறந்ததுல இருந்து சொல்லாத வார்த்தைய, வாயக் கிழிச்சுக்கிட்டு வந்த மாதிரி சொன்னா. "இந்த ஊர்ல புள்ளையத் தொலைச்ச தாய் யாராவது இருக்காளா? பல வருஷத்துக்கு முந்தி. அம்மை போட்டிருந்த புள்ள. காணாமப் போன புள்ள."

சொல்லிட்டுத்தான் கண்ணத் தொறந்தா. கொடம் நெறஞ்சு வழியுது, யாரும் எடுக்கல. அப்புறம் ஒருத்தி பதறிப்போயி கிட்ட வந்தா.

"அம்மா, மெதுவா பேசுங்க. அந்த வார்த்தைய எங்க ஊர்ல யாரும் சொல்லமாட்டோம். காணாமப் போச்சுன்னு சொன்னா அந்தப் புள்ளையோட அம்மா நாச்சக்கா வெளக்கமாத்த எடுத்துக்கிட்டு வரும். தம்பி வெளிய போயிருக்கான்னுதான் சொல்லணும்."

சந்தையப்பன் ஓரடி முன்னால வந்தான். தம்பி. இந்த ஊரே அவன் பேரச் சொல்லுது. "அவங்க வீடு எது?"ன்னு கேட்டான். அந்தப் பொம்பள அவன் நெத்தியப் பாத்தா, கைய வாயில வச்சுக்கிட்டா, அப்புறம் தெருக்கோடியக் காமிச்சா.

கண்ணு, முழிச்சிருக்கியா? இத மட்டும் கேட்டுட்டுத் தூங்கு.

தெருக்கோடில ஒரு ஓட்டு வீடு. வாசக்கதவு விரியத் தொறந்திருக்கு. உள்ள ஒரு வயசான அம்மா மொறத்துல அரிசி பொடைச்சுக்கிட்டு இருக்காங்க, சர்ரு சர்ருனு. நாளைக்குச் சோத்துக்குக் கல்லு பொறுக்கணும்ல, அதுதான். நிழல் விழுந்ததும் நிமிந்து பாத்தாங்க. மொறம் நின்னுச்சு. வாசல்ல ஒரு பெரிய ஆம்பள, நெத்தியில தழும்போட நிக்கிறான். பின்னாடி வெள்ளையம்மா தூணப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா.

அந்த அம்மா கத்தல, மயங்கி விழல. மொறத்த மெதுவா கீழ வச்சாங்க. எந்திரிச்சு வந்தாங்க. அவன் தழும்ப ஒரு வெரலால தொட்டாங்க. அப்புறம் ஓங்கி முதுகுல ஒரு அடி வச்சாங்க. "எங்கடா போன? இவ்வளவு நேரமாடா?"ன்னு கேட்டாங்க.

அவன் நாலு வயசுப் புள்ளையாட்டம் விசும்பி விசும்பி, "நீ போயிட்டேன்னு சொன்னாங்கம்மா"ன்னான்.

"நான் எங்கடா போவேன்"னாங்க அவங்க. "உனக்குத் தண்ணி ஊத்தத்தானடா கொல்லையில நின்னேன்."

அவ்வளவுதான்டி தங்கம். கத தன் வீட்டு வாசப்படி ஏறிடுச்சு, இனி அதுக்கு வெளிய வேலை கிடையாது. கண்ண மூடு. நான் எங்கயும் போகல, இங்கயேதான் இருக்கேன். தூங்கு.